பாதி தொலைஞ்ச பஸில் டப்பாவை எடுத்து வைங்க, டிசம்பர் வருது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் பொறந்து கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிஞ்ச கையோட உங்க பேப்பர்ல ஸ்டார் கடை போட்டோ வரும், அதுக்கு பிறகு குடில் போட்டோ வரும், பாக்கவே சந்தோசமா இருக்கும். ஆனா நான் சொல்ல வந்த விஷயத்தை அந்த நேரத்துல எழுதினா யாருக்கும் பிரயோஜனப்படாது, எல்லாரும் சாமான் வாங்கி முடிச்சிருப்பாங்க, அதனாலதான் இப்ப அக்டோபர்லயே எழுதுதேன். வீட்டுல துண்டு தொலைஞ்சு பரண்ல கெடக்குற ஜிக்சா பஸில் (அட்டை துண்டுகளை சேத்து படம் ஆக்குற விளையாட்டு) டப்பாவை தூக்கி எறியாம கிறிஸ்மஸ் அலங்காரத்துக்குன்னு எடுத்து வைங்க, அதோட குடில் போட்டி நடத்துற சபைகளும் பங்குகளும் பள்ளிக்கூடங்களும் இந்த வருஷம் தெர்மாகோல் கிடையாதுன்னு இப்பவே அறிவிச்சிருங்க. இந்த ரெண்டையும் சேத்தேதான் கேக்கேன், ஒண்ணை விட்டா இன்னொண்ணு நடக்காது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல பழைய பஸில் டப்பாவுக்கு பஞ்சமே இல்ல. கல்ஃப்ல வேலை பாக்குறவங்க இல்லாத தெரு இங்க கம்மி, லீவுக்கு வரும்போது சாக்லேட், சோப்பு, டார்ச் லைட்டோட பிள்ளைங்களுக்குன்னு 500 துண்டு 1000 துண்டு பஸில் டப்பா ஒண்ணும் பெட்டிக்குள்ள இருக்கும். படம் என்னமோ பனி மலை, கோட்டை, ஏரின்னு பிரமாதமா இருக்கும். முதல் வாரம் வீடே தரையில உக்காந்து சேக்கும், அப்புறம் ரெண்டு துண்டு கட்டிலுக்கு அடியில போவும், ஒண்ணை சின்னது வாயில வச்சு ஊற வச்சிரும், இனி முழுசா சேராதுன்னு தெரிஞ்சதும் டப்பா மேல ஏறிடும். அதுக்கு பிறகு ஒருத்தரும் தொடமாட்டாங்க. பழைய சாமான் வாங்குற ஆக்கர் கடைக்காரர் அட்டைப்பெட்டியை எடை போட்டு எடுப்பாரு, உதிரியா கெடக்குற இந்த சின்ன சின்ன துண்டை வேண்டாம்னு சொல்லிருவாரு. கடைசியில சருகோட சேத்து பின்னாடி வச்சு தீ போட்டுருவாங்க. நான் தக்கலை பக்கத்துல வீட்டுல டியூசன் எடுக்கேன், ஞாயித்துக்கிழமை சபையில பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கேன், இந்த கதையை எத்தனையோ வீட்டுல பாத்தாச்சு.

இப்ப தெர்மாகோல் விஷயத்துக்கு வாறேன். நம்ம தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்து ஒரு தடவை உபயோகிச்சு தூக்கி போடுற பிளாஸ்டிக்குக்கு தடை இருக்கு, 2021 டிசம்பர் 23-ம் தேதி, கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் முன்ன, மீண்டும் மஞ்சப்பை திட்டமும் ஆரம்பிச்சாங்க, இது எல்லாருக்கும் தெரியும். ஆனா தெர்மாகோல்ல தட்டுக்கும் கப்புக்கும் மட்டும்தான் தடைன்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. 2022 ஜூலை 1-ல இருந்து நாடு முழுக்க அமலுக்கு வந்த தடை லிஸ்டை எடுத்து பாருங்க, காது குடையுற பிளாஸ்டிக் குச்சி, பலூன் குச்சி, பிளாஸ்டிக் கொடி இதுங்களோட சேத்து அலங்காரத்துக்குன்னு பயன்படுத்துற தெர்மாகோல்னு தனியாவே போட்டிருக்கு. குடிலுக்கு மலை செய்யவும் பனி செய்யவும் நம்ம வாங்குறது அதேதான். கோயில் வளாகத்துக்குள்ள, பள்ளிக்கூட ஸ்டேஜ்ல, பரிசு குடுத்து இதை வளக்கோம்ங்கிறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

தெர்மாகோலை கத்தி வச்சு அறுக்கும்போது பாத்திருப்பீங்க, வெள்ளை வெள்ளையா மணி மணியா பறக்கும், துணியில ஒட்டும், தலையில ஒட்டும், வாரியல் போட்டு கூட்டினாலும் ஒதுங்காது. அதுல முக்காவாசிக்கும் மேல வெறும் காத்துதான், அதனால தண்ணியில முங்கவும் செய்யாது. நமக்கு டிசம்பர்ல வடகிழக்கு பருவமழை முழுசா விட்டிருக்காது, ஒரு மழை பெய்ஞ்சா போதும், ஓடை வழியா குளத்துக்கு போவும், குழித்துறை ஆத்துல விழுந்தா தேங்காப்பட்டணம், வள்ளியாத்துல விழுந்தா கடியப்பட்டணம், பழையாத்துல விழுந்தா மணக்குடி, எங்க போனாலும் முடிவு கடல்தான். சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு 2022-ல ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற அங்கீகாரம் கிடைச்சதை பெருமையா பேசுதோம், அந்த குளத்துக்கு தூரத்துல இருந்து பறவைங்க வாறதும் இதே டிசம்பர் ஜனவரியிலதான். வெள்ளையா மிதக்குற மணியை பறவையும் மீனும் தீனின்னு நினைச்சு முழுங்கும், அதுக்கு என்ன தெரியும். மின்னுற கிளிட்டர் தூளும் இதே கதைதான், அதுவும் பிளாஸ்டிக்தான், ஐரோப்பாவுல 2023 அக்டோபர்ல இருந்து உதிரி பிளாஸ்டிக் கிளிட்டர் விக்கவே கூடாதுன்னு நிப்பாட்டிட்டாங்க.

சரி தெர்மாகோல் வேண்டாம்னா வேற எதை வச்சு செய்யன்னு கேப்பாங்க, கேக்குறதுல நியாயம் இருக்கு. அதுக்குத்தான் பஸில் துண்டு.

முதல்ல பெயிண்டை தொடவே தொடாதீங்க. எல்லா டப்பாவையும் ஒரு பாயில கொட்டி பிள்ளைங்களை கலர் கலரா பிரிக்க சொல்லுங்க. எந்த பஸில்லயும் வானம் நிறைய இருக்கும், மரம் புல்லு நிறைய இருக்கும், அதனால நீலமும் பச்சையும் குவியும், பனி மலை படம்னா வெள்ளையும் கெடைக்கும். நீலத்தை குடிலுக்கு பின்னாடி வானமா ஒட்டலாம், குளச்சல் முட்டம் பக்கம் உள்ள பிள்ளைங்க குடில் வைக்கும்போது கடல் வச்சு வள்ளமும் கட்டுமரமும் வைப்பாங்கல்லா, அந்த கடலுக்கு இந்த நீல துண்டு மாதிரி அழகு வேற எதுவும் தராது, ஏன்னா ஒரே நீலமா இல்லாம அம்பது விதமான நீலமா இருக்கும். பச்சையை தரைக்கு போட்டுக்கலாம். துண்டோட பின்பக்கம் அனேகமா சாம்பல் கலரா வெறும் அட்டையா இருக்கும், அதை வெளிய தெரியுற மாதிரி வரிசை வரிசையா ஒட்டினா கருங்கல் சுவர் வந்திரும், உதயகிரி கோட்டை சுவரை பாத்து வளந்த பிள்ளைங்களுக்கு கல்லு எப்படி அடுக்கணும்னு யாரும் சொல்லி குடுக்க வேண்டாம். மேல கூரைக்கு வைக்கோல், நாஞ்சில்நாட்டு பக்கம் கன்னிப்பூ நெல் அறுப்பு முடிஞ்சு வைக்கோல் இப்ப எந்த வீட்டுல கேட்டாலும் ஒரு கை தருவாங்க.

அடுத்தது துண்டோட வடிவம். நாலு பக்கமும் ஒண்ணுபோல இருக்காது, சில பக்கம் குமிழ் நீட்டிட்டு இருக்கும், சில பக்கம் குழி. மூணு குமிழ் உள்ள துண்டை தனியா எடுங்க. மேல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு நிமித்தி வச்சா தலையும் ரெண்டு கையும் உள்ள ஆள் வந்திரும், இடையர், மூணு ராஜாக்கள், சம்மனசு (தேவதூதர்) எல்லாம் அதுலயே செய்யலாம், துணி துண்டு வச்சு உடுப்பு போட்டா போதும். அதே துண்டை தலைகீழா திருப்பினா நடு குமிழ் மூக்கு, பக்கத்து குமிழ் ரெண்டும் காது, ஆட்டு முகம், கழுதை முகம், மாட்டு முகம் எல்லாம் ரெடி. இதை நான் சொல்லி குடுக்கல, எங்க டியூசன்ல நாலாம் கிளாஸ் படிக்கிற பொண்ணு ஒண்ணு கையில வச்சு திருப்பி திருப்பி பாத்து கண்டுபிடிச்சது, அன்னைக்கு பாடம் நடக்கவே இல்ல, எல்லா பிள்ளைங்களும் ஆடு தேட ஆரம்பிச்சிட்டு. வெளிநாட்டுல இதே துண்டுல கலைமான் முகம் செய்வாங்க, ஒரு துண்டு முகம், மேல ரெண்டு துண்டு கொம்பு, சிவப்பா ஒரு பொட்டு மூக்கு, அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஆனா நம்ம பிள்ளைங்க கண்ணால பாத்த ஆடு மாட்டை செய்யும்போது முகத்துல ஒரு தனி சந்தோசம் வருது.

அதேபோல வெளிநாட்டு அலங்காரத்துல பச்சை வளையம் ஒண்ணு கதவுல மாட்டுவாங்க, அட்டையை வளையமா வெட்டி பச்சை துண்டை ரெண்டு மூணு அடுக்கா ஒட்டி சிவப்பு மணி வச்சு செய்யுறது. நம்ம ஊருல வளையம்னாலே அடக்கத்துக்கு கொண்டு போறதுதான் ஞாபகத்துல வரும், வீட்டு வாசல்ல மாட்டினா பெரியவங்க மனசு ஒப்பாது, அதனால எங்க பக்கம் அதை ஸ்டாராவே மாத்திட்டோம். மளிகை கடையில அட்டைப்பெட்டி வாங்கி அஞ்சு முனை ஸ்டார் ரெண்டு வெட்டுங்க, உள்ள இருக்கிற வரி ஒண்ணுக்கொண்ணு குறுக்கா வாற மாதிரி சேத்து ஒட்டுங்க, அப்பதான் முனை வளையாது. அதுக்கு மேல துண்டுகளை முனையில இருந்து நடுவுக்கு, வீட்டுக்கு ஓடு மேயுற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏத்தி ஒட்டிட்டே வரணும். கனம் கொஞ்சம் கூடும், அதனால மூங்கில் ஈக்குல வர்ண பேப்பர் ஒட்டி உள்ள லைட்டு போட்டு உயரத்துல கட்டுற பெரிய ஸ்டாருக்கு இது பதில் ஆகாது, அந்த பேப்பர் ஸ்டாரை யாரும் விட வேண்டாம், அது நம்ம ஊரு அழகு. இந்த பஸில் ஸ்டார் வீட்டுக்கு உள்ள சுவருக்கும் ஜன்னலுக்கும். ஜன்னல்ல வைக்குறதுன்னா அட்டைக்கு பதிலா பட்டர் பேப்பர்ல துண்டை இடைவெளி விட்டு ஒட்டி பின்னாடி சின்ன எல்.இ.டி. சீரியல் லைட்டு போடுங்க, இடைவெளி வழியா வெளிச்சம் வரும். எல்.இ.டி. மட்டும்தான், மெழுகுவத்தியோ சூடாகுற பழைய குண்டு பல்போ பக்கத்துல வரவே கூடாது, எல்லாம் பேப்பரும் அட்டையும் வைக்கோலும்.

சவுக்கு கொம்பை வெட்டி வச்சு கிறிஸ்மஸ் மரம் வைக்கிற வீட்டுக்கு சின்ன சின்னதா தொங்கவிடலாம், குமிழ்ல கோணி ஊசி வச்சு ஓட்டை போட்டு வாழை நார் கோத்தா போதும், கடையில வாங்குற பிளாஸ்டிக் பந்தை விட கனம் கம்மி, சவுக்கு கொம்பு தாங்கும்.

கலர் அடிச்சே ஆகணும்னு இருந்தா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். படம் உள்ள பக்கம் வழவழன்னு இருக்கும், அதுல நேரடியா போஸ்டர் கலர் அடிச்சா காஞ்சதும் உரியும், உப்புத்தாள் வச்சு லேசா தேய்ச்சிட்டு அடிக்கணும், இல்லாட்டி பின்பக்கம் அடிக்கணும். போஸ்டர் கலர் ஈரக்கை பட்டா அழியும், அக்ரிலிக் காஞ்ச பிறகு அழியாது. அதை விட சல்லிசானது வீட்டுக்கு வெள்ளை அடிச்ச மிச்சம் எமல்ஷன், ஒரு டப்பா அடியில கெடக்கும்ல, அது போதும்.

இனி ஈரம், இதுதான் நம்ம ஊருல பெரிய சவால். பஸில் அட்டை தண்ணி பட்டா ஊதிரும், மேல ஒட்டின படம் பிரிஞ்சு வந்திரும், மழை நாள்ல பரண்ல வச்சா பூசணம் பிடிக்கும். அதனால எடுத்ததும் வெயில் அடிக்கிற ஒரு நாள் பாத்து பாயில பரப்பி நல்லா காய வைங்க, நாத்தம் அடிக்கிற துண்டு, கரையான் அரிச்ச துண்டு இருந்தா பாவம் பாக்காம தூக்கி போடுங்க. சாதாரண ஃபெவிகால் காஞ்சா நிறமே தெரியாது, பிள்ளைங்க கைக்கும் நல்லது, ஆனா ஈரம் தாங்காது, வராந்தாவுல வைக்கிறதுன்னா தண்ணி தாங்குற ஃபெவிகால் மரைன் வாங்குங்க, மர கடையில கெடைக்கும். பசையை அள்ளி தடவினா அட்டை நெளிஞ்சு போவும், ஒரு பொட்டு போதும், ஒட்டின பிறகு மேல ரெண்டு தடி புத்தகத்தை ராத்திரி முழுக்க ஏத்தி வைங்க. சூடா ஒட்டுற குளூ கன் பெரியவங்க கையில மட்டும் இருக்கட்டும். அப்புறம் மூணு வயசுக்கு உள்ள குழந்தை இருக்கிற வீட்டுல இதை எட்டாத உயரத்துல மாட்டுங்க, துண்டு உதிர்ந்தா நேரா வாய்க்குத்தான் போவும், பொம்மைக்கெல்லாம் 2021 ஜனவரியில இருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்னு ஆக்கினாங்க, சின்ன பாகம் தொண்டையில சிக்கிடக்கூடாதுங்கிறது அந்த தரத்துலயே ஒரு முக்கியமான பரிசோதனை, நம்ம கையால செய்யுற பொருளுக்கு அந்த பரிசோதனையை நம்மதான் பண்ணணும்.

ஒரு கண்டிப்பு மட்டும் சொல்லணும். முழுசா இருக்கிற பஸில்ல பசை தடவ கூடாது. இப்ப இதுக்குன்னே ஆன்லைன்ல புது துண்டு வாங்குறவங்களும் இருக்காங்க, அது எனக்கு சம்மதமே இல்ல, புதுசு வாங்குறதுக்கு இவ்வளவு பாடு எதுக்கு. ஒரு தடவை சேத்து பாருங்க, எல்லா துண்டும் இருந்தா ரப்பர் பேண்ட் போட்டு அங்கன்வாடிக்கோ ஊர்ல உள்ள லைப்ரரிக்கோ குடுத்திருங்க. பஸில் பிறந்ததே பாடம் நடத்தத்தான், லண்டன்ல ஜான் ஸ்பில்ஸ்பரின்னு மேப் செதுக்குற ஒருத்தர் 1760-கள்ல மேப்பை பலகையில ஒட்டி நாடு நாடா அறுத்து பிள்ளைங்களுக்கு பூகோளம் படிக்க குடுத்தாரு. எங்க டியூசன்ல நம்ம மாவட்ட மேப்பை காலண்டர் அட்டையில ஒட்டி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டாறுன்னு தாலுகா வாரியா வெட்டி வச்சிருக்கோம், 1956 நவம்பர் 1-ம் தேதி நம்ம தமிழ்நாட்டோட சேரும்போது அதுல நாலு தாலுகாதான் இருந்துதுன்னு சொல்லி குடுக்கவும் அது வசதியா இருக்கு. விளையாட தகுதியா இருக்கிறது விளையாடத்தான் இருக்கணும், தொலைஞ்சது மட்டும் அலங்காரத்துக்கு வரட்டும்.

இதெல்லாம் வெறும் பிள்ளை விளையாட்டுன்னு சிலர் சொல்லுதாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். 1820-கள்ல மிஷனரி மார்த்தா மால்ட் அம்மா நாகர்கோவில்ல பொண்ணுங்களுக்கு லேஸ் பின்ன சொல்லி குடுத்ததும் ஆரம்பத்துல ஒரு கைவேலை வகுப்புதான், பிறகு எத்தனை குடும்பத்துக்கு அது சோறு போட்டுதுன்னு நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு சொல்லணுமா. பஸில் துண்டுல சோறு வரும்னு நான் சொல்லல. ஆனா சபையில நடக்குற ஏலத்துக்கு, பள்ளிக்கூட விற்பனைக்கு பிள்ளைங்க செஞ்ச பத்து ஸ்டார் வச்சா அதை எடுக்க ஆள் உண்டு, அந்த காசுல அடுத்த வருஷத்துக்கு பசையும் உப்புத்தாளும் வாங்கிக்கலாம். எங்க கிளாஸுக்கு எல்லா மதத்து பிள்ளைங்களும் வாறாங்க, எங்க தெருவுல டிசம்பர்ல யாரு வீடுன்னு பாக்காம ஸ்டார் தூக்குவாங்க, அதனால இதை கிறிஸ்தவங்க விஷயம்னு மட்டும் நினைக்க வேண்டாம், கொலுவுக்கு மலை செய்யுறதுக்கும் இதே தெர்மாகோல்தான் வாங்குதாங்க, அங்கயும் இது உதவும்.

இன்னும் ஒண்ணு, பசையும் பெயிண்டும் பட்ட துண்டை திரும்ப எந்த பேப்பர் மில்லுக்கும் குடுக்க முடியாது. அதனால ஜனவரியில கழத்தி எறியுறதுக்குன்னா செய்யவே வேண்டாம். பிஸ்கட் டின்ல வச்சு மூடி, மாசி பங்குனி வெயில்ல ஒருக்கா காட்டி, அடுத்த வருஷம் அதையே எடுக்கணும். அஞ்சாறு வருஷம் வந்தாத்தான் இதுல அர்த்தம் இருக்கு.

கடைசியா உங்ககிட்ட கேக்குறது இதுதான் ஐயா. குடில் போட்டி நோட்டீஸ் எல்லாம் நவம்பர்ல அடிப்பாங்க, அதுக்கு முன்ன இந்த கடிதத்தை மாவட்ட பக்கத்துல போட்டா அன்பியத்துலயும் (பங்குல உள்ள தெரு வாரியான சின்ன குழு) இளைஞர் இயக்கத்துலயும் பேச ஒரு வாய்ப்பு கெடைக்கும், தெர்மாகோல் இல்லாத குடிலுக்கு மட்டும்தான் பரிசுன்னு நோட்டீஸ்ல ஒரு வரி சேக்க எந்த செலவும் இல்ல. ஒவ்வொரு கோயில் முன்னாலயும் லைப்ரரியிலயும் ஒரு அட்டைப்பெட்டி வச்சு பழைய பஸில் போடுங்கன்னு எழுதி வச்சா வீட்டுல பஸில் கெடக்குறவங்க கொண்டு வந்து போடுவாங்க, வீட்டுல பஸில் இல்லாத பிள்ளைங்க எடுத்துட்டு போவாங்க. டிசம்பர்ல நீங்க குடில் போட்டோ போடும்போது எதை வச்சு செஞ்சதுன்னும் கூட ஒரு வரி எழுதுங்க, அதை பாத்து அடுத்த ஊர்க்காரங்க செய்வாங்க. எங்க சபை பெட்டி வாற ஞாயித்துக்கிழமை வைக்கோம்.

இப்படிக்கு,
தக்கலை பக்கத்துல இருந்து உங்க நெடுநாள் வாசகி